வளைவில் வைத்த நூல்

“ஜாக்கெட் தைக்கணும் பாய்.”

“அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களாம்மா?” என்று டெய்லர் பாய் தலை நிமிராமலே கேட்டார்.

சென்னையில் வேறென்ன கேட்பார்கள்? இந்த ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. வருடத்தில் பத்து மாதம் வியர்வையும் இரண்டு மாதம் மழையுமாகக் கழிகிற ஊருக்குக் குளிர்ச் சட்டையே அநாவசியம். அதன் பெயர் மட்டும் கப்பலேறி வந்தது; பெண்கள் அதை எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நான் அவர் மேசையில் பரப்பியது ரவிக்கைத் துணி அல்ல. ஒரு பழைய ஜீன்ஸ் பேன்ட். கூடவே, ஓரமெல்லாம் சுருண்டு கிடந்த பின்னல் துண்டுகள் நான்கு.

பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஜீன்ஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். பின்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, விட்டார். அது பழைய இடத்துக்கே ஓடிப் போனது.

“ரெண்டையும் சேத்தா?”

“ஆமா. தோளு, முன்பக்கம், பாக்கெட் எல்லாம் ஜீன்ஸ். கை, பக்கவாட்டு, இடுப்புப் பட்டி பின்னல்.”

“இது வளையாது. அது நிக்காது,” என்றார். “தீபாவளி வேல தலைக்கு மேல கெடக்கு. அப்பறமாப் பாக்கலாம்மா.”

செயின்ட் மேரீஸ் சாலையைக் கடந்து அபிராமபுரத்துக்குத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அந்த மனிதர் இரண்டே வாக்கியத்தில் சொன்னதை நான் புரிந்துகொள்ள மார்கழி வரை ஆயிற்று.

ஜீன்ஸ் அப்பாவுடையது. மத்திய அரசில் தணிக்கைத் துறை. ஜீன்ஸ் போடுகிற ரகமே அல்ல. ஆனால் 1995-இல் அகமதாபாத் அர்விந்த் மில் ‘ரஃப் அண்ட் டஃப்’ என்று ஒரு பொட்டலம் போட்டு விற்றது. உள்ளே தைக்காத டெனிம் துணி, ஜிப், பட்டன், பாக்கெட் மூலையில் அடிக்கும் செம்புக் குமிழ்கள். விலை 195 ரூபாய். வாங்கித் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஜீன்ஸ் தயார். ரெடிமேட் விலையையும் இதையும் ஒப்பிட்டு ஒரு துண்டுத் தாளில் கழித்தல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்பா வாங்கினார். தைத்து வந்ததும் அதில் நெட்டுக்கு மடிப்பு வைத்து இஸ்திரி போட்டார். வாக்கிங் போகிற ஜீன்ஸுக்கு இஸ்திரி மடிப்பு! நாங்கள் சிரித்தோம். பல வருடங்கள் அதே இடத்தில் மடித்துத் தேய்த்ததில், தொடை முதல் கணுக்கால் வரை நூல் பிடித்தாற்போல ஒரு வெளுத்த கோடு விழுந்துவிட்டது.

அந்தக் கோடு விழுந்த விதம் டெனிமின் குணத்தைச் சொல்லும். அவுரிச் சாயம் தண்ணீரில் கரையாது. அதைக் கரையும் நிலைக்கு மாற்றித் தொட்டியில் வைப்பார்கள். நூலை முக்கி வெளியே எடுத்தால் காற்றுப் பட்டுப் பச்சை மெல்ல நீலமாகும். அந்த நீலம் நூலின் மேற்பரப்பில்தான் தங்கும், நடு வெள்ளையாகவே நிற்கும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் அவுரி பயிரிட்டவர்களுக்கும் சாயம் காய்ச்சியவர்களுக்கும் தெரிந்திருந்த விஷயம் இது. 1897-இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து அவர்கள் பிழைப்பைக் குலைத்தது. சாயத்தின் இந்தக் குணம் மட்டும் மாறவில்லை. தேய்கிற இடத்தில் தோல் உரிந்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். முழங்கால் மடங்கிய இடம், பர்ஸ் இருந்த இடம், இஸ்திரிப் பெட்டி ஓடிய இடம் எல்லாம் டெனிமில் எழுதப்பட்டுவிடும். அழிக்க முடியாது.

அப்பா அதை வாங்கிய மறு வருடம், 1996-இல், பெரம்பூரில் பின்னி மில்லை மூடினார்கள். ஊர் வாயில் பின்னி. பெயர்ப் பலகையில் பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக். போலீசுக்கும் பட்டாளத்துக்கும் காக்கி டிரில் நெய்து கொடுத்த ஆலை. காக்கி டிரிலும் டெனிமும் ஒரே குடும்பம், இரண்டும் சாய்வு நெசவு. டெனிமில் ஊடை இழை மூன்று பாவு இழைகளுக்கு அடியில் நுழைந்து ஒன்றின் மேல் ஏறும். அடுத்த வரிசையில் ஓர் இழை தள்ளி அதையே செய்யும். துணியில் குறுக்கே ஓடும் வரிகள் அப்படி வந்தவை. பாவு நீலம், ஊடை வெள்ளை. ஜீன்ஸ் அமெரிக்காவின் துணி என்று நாங்கள் வியந்து பார்த்த காலத்தில், அதன் சித்தப்பா மகன் பேருந்து தூரத்தில் நூறு வருடமாக நெய்யப்பட்டுக்கொண்டிருந்தான்.

பின்னல் அம்மாவுடையது. எண்பதுகளில் அப்பாவுக்கு டெல்லியில் வேலை. ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில் டிசம்பர் குளிர். ஊர் திரும்பிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் அம்மா ஒரு ஜப்பானியப் பின்னல் மெஷினை வாங்கினாள். படுக்கை வாட்டில் 200 ஊசி, ஊசிக்கு ஊசி நாலரை மில்லிமீட்டர். இரண்டு குளிர்காலம் எங்கள் எல்லோருக்கும் ஸ்வெட்டர் பின்னினாள். பிறகு சென்னைக்கு மாற்றல். மெஷின் நேரே பரணுக்குப் போயிற்று. சென்னையில் ஸ்வெட்டர் மெஷின் இருப்பது ஊட்டியில் ஐஸ் வண்டி இருப்பது மாதிரி.

முப்பது வருடம் கழித்து அதை இறக்கியபோது ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பட்டை பிசுபிசுத்துக் கரைந்திருந்தது. இந்த மெஷின்கள் எல்லாவற்றுக்கும் வருகிற நோய்தான். கடல் காற்று நாலைந்து ஊசிகளில் துருவும் ஏற்றியிருந்தது. புதுப் பட்டை போட்டு, எண்ணெய் விட்டு, சாப்பாட்டு மேசையில் பூட்டி உட்கார்ந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏண்டி இழுக்கற? நீ இழுக்காதே. கீழே எடை தொங்கறது பாரு, அது இழுத்துக்கும். நீ வண்டியை மட்டும் தள்ளு.”

வண்டி என்பது மேலே இடமும் வலமுமாய் ஓடும் பாகம். சரக்கென்று ஒரு ஓட்டம், ஒரு வரிசை. ஒவ்வொரு ஊசிக்கும் நுனியில் கொக்கி. கொக்கிக்கு ஒரு குட்டித் தாழ்ப்பாள். 1840-களின் கடைசியில் லெஸ்டர் நகரத்து மாத்யூ டவுன்சென்ட் கண்டுபிடித்த தாழ்ப்பாள் அது. ஊசி முன்னால் நகரும்போது ஏற்கெனவே அதில் மாட்டியிருக்கும் கண்ணி தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுப் பின்னால் சறுக்கும். கொக்கியில் புது நூல் விழும். ஊசி பின்வாங்கும்போது அதே பழைய கண்ணி தாழ்ப்பாளை மூடி, தன் நடுவே புதியதை விட்டுவிட்டு, உதிரும். கதவைத் திறந்துவிட்டது, மூடியது, வழி கொடுத்தது எல்லாமே பழைய கண்ணி. பத்து நிமிடம் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா, “அடுப்புல பால் வெச்சிருக்கே,” என்றாள்.

இந்தக் கண்ணியை முதலில் இயந்திரத்துக்குக் கற்பித்தவர் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர், 1589-இல். எலிசபெத் ராணி காப்புரிமை தர மறுத்துவிட்டார், லீ பிரான்சுக்குப் போய்விட்டார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அவர் அந்த இயந்திரத்தைச் செய்தது காலுறைக்காக என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கால் மடங்கும். முட்டியும் குதிகாலும் நேர்கோட்டில் நிற்கிற உறுப்புகள் அல்ல. டெனிம் தன் மேல் விழும் இழுவையை வேறு மாதிரி சமாளித்தது. நெவாடாவில் ரீனோ ஊர் டெய்லர் ஜேக்கப் டேவிஸ், கூலிக்காரர்களின் பாக்கெட் மூலை கிழிகிறதே என்று அங்கே செம்புக் குமிழ் அடித்தார். லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இழுவை வருகிற இடத்தில் ஒருவர் கண்ணி போட்டார், மற்றவர் உலோகம் அடித்தார். இரண்டு பேர் கட்சியும் இன்றுவரை உயிரோடுதான் இருக்கிறது.

என் நூல் திருப்பூர்ப் பருத்தி, மூன்று இழை சேர்த்து ஓட்டினேன். கை இரண்டு, பக்கவாட்டுத் துண்டு இரண்டு. மணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் உண்மையான ரிப் பின்ன இன்னொரு ஊசி வரிசை வேண்டும். எங்கள் மெஷினில் அது இல்லை. மூன்றாவது ஊசியை எல்லாம் வேலைக்கு விடாமல் நிறுத்திவைத்து, இறுக்கிப் பின்னி, இரண்டாக மடித்தால் ரிப் மாதிரியே ஒன்று வரும். அம்மாவின் டெல்லி வித்தை.

பாய் கைவிரித்ததால் வீட்டுத் தையல் மெஷினில் நானே சேர்த்தேன். பதினாறாம் நம்பர் ஊசி, நல்ல கெட்டி நூல், பல் பல்லாக நேர்த்தையல். போட்டுப் பார்த்தபோது பிரமாதமாகத்தான் இருந்தது. அப்பாவின் வெளுத்த கோடு முன்பக்கம் இரண்டிலும் மேலிருந்து கீழாக இறங்கியது. மறுநாள் மந்தைவெளி ஸ்டேஷனில் ரயில் ஏறி, மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். அக்குளில் பட், பட், பட் என்று மூன்று சத்தம். பக்கத்தில் இருந்த பையன் மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். டெனிம் கிழியவில்லை. பின்னல் கிழியவில்லை, ஒரு கண்ணிகூட நழுவவில்லை. அறுந்தது தையல் நூல். மூன்றிலும் கெட்டி என்று நான் நம்பி வாங்கிய நூல்.

தீபாவளி முடிந்து பாயிடம் போனேன். அறுந்த இடத்தை விரித்துப் பார்த்தவர் சிரிக்கவில்லை, “நான் சொன்னேன்ல” என்றும் சொல்லவில்லை.

“துணி மேல தப்பு இல்லம்மா. தையலுக்கு மூச்சு விட எடம் இல்ல.”

இளவயதில் திருப்பூரில் எட்டு வருடம் இருந்தவர் அவர். பவர் டேபிளில் சிங்கர் டெய்லராகச் சேர்ந்து ஓவர்லாக்குக்கு மாறினாராம். அங்கே சிங்கர் என்றால் கம்பெனி அல்ல, நேர்த்தையல் ஓட்டுகிற மெஷின். பனியன் துணியில் சிங்கர் எங்கே ஓடலாம், எங்கே ஓடக் கூடாது என்பதுதான் அந்த ஊர் முதல் பாடம் என்றார். “ஓவர்லாக்கு நூலத் தின்னும். மொதலாளிங்க மொகம் சுளிப்பாங்க. ஆனா அது தின்ன நூலுதான் அப்பறம் இழுத்தா குடுக்கும்.”

அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அன்று ராத்திரி ஒரு காரியம் செய்தேன். மிச்சப் பின்னலில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி, ஒரே ஒரு வரிசையைப் பிரித்தேன். அதே அகலத்தில் டெனிம் துண்டு ஒன்றை வெட்டி, ஊடை இழை ஒன்றை உருவினேன். இரண்டையும் அளவுகோலோடு வைத்து நீவினேன். டெனிம் இழை பத்தரை சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. பின்னல் இழை சுருள் சுருளாய், பிடிக்கப் பிடிக்க ஓடி, நாற்பது சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றது. விரலை எடுத்ததும் மறுபடி சுருண்டது. பிரித்த பிறகும் அதற்குக் கண்ணியின் ஞாபகம் போகவில்லை.

இரண்டும் பருத்தி. பருத்தி இழை ரப்பர் மாதிரி நீளுகிற வஸ்து அல்ல. பின்னல் நீளும்போது நூல் நீளவில்லை, வளைவு நிமிர்கிறது, அவ்வளவுதான். டெனிம் பிடிவாதக்காரத் துணி என்றும் பின்னல் இளகிய துணி என்றும் நான் நினைத்தது தவறு. ஒரே நூல் ஓரிடத்தில் நேரே போனது, இன்னோரிடத்தில் சுற்றிப் போனது. நேரே போனது சிக்கனம். பத்து சென்டிமீட்டர் தூரத்துக்குப் பத்தரையில் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அதை இழுத்தால் கொடுப்பதற்கு அந்த அரை சென்டிமீட்டரைத் தவிர அதனிடம் ஒன்றும் இல்லை. சுற்றிப் போனது வீண்செலவு மாதிரித் தெரிந்தது. அந்த வீண்செலவுதான் அதன் கையிருப்பு.

தையலும் அப்படித்தான். நூல் கணக்குப் போடுகிறவர்கள் சொல்வது இது: ஒரு மீட்டர் நேர்த்தையலுக்கு மேல்நூலும் பாபின் நூலுமாக இரண்டரை மீட்டர் போதும், மூன்று நூல் ஓவர்லாக்குக்கு அதே ஒரு மீட்டருக்குப் பதினான்கு மீட்டர் வேண்டும். என் அக்குளில் அறுந்தது அந்த இரண்டரை மீட்டர் சிக்கனம். கையும் உடம்பும் சேரும் இடத்தை வளைவாக வெட்டும்போது டெனிமும் ஓரிடத்தில் இழை குறுக்காக வெட்டுப்படுகிறது, அங்கே அதுவும் கொஞ்சம் நீளும். இரண்டு பக்கமும் துணி நீண்டபோது நடுவில் நின்று நீள மறுத்தது தையல் ஒன்றுதான்.

குறுக்கு வெட்டை நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிராஸ் கட்டிங் ஜாக்கெட் என்றால் டெய்லருக்கு ஏன் கூலி அதிகம், துணி ஏன் அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். நேர் இழையில் வெட்டினால் முட்டிக்கொண்டு நிற்கும் அதே துணியை மூலைவாட்டத்தில் திருப்பி வெட்டினால் உடம்போடு படியும். பாரிசில் மாட்லேன் வியோனே என்ற பெண்மணி 1920-களில் இதைக் கொண்டு பெரிய பெயர் வாங்கினார். மயிலாப்பூர்ச் சந்துகளில் இதைச் செய்த கைகளுக்குப் பெயர் இல்லை, கூலிதான். நெய்த இழையில் ஒன்றையும் மாற்றாமல் துணியைத் திருப்பினால் மட்டும் போதும், அது கொடுக்க ஆரம்பிக்கிறது. துணி வீணாகும் என்பதுதான் ஒரே தகராறு.

இப்போதைய ஜீன்ஸ்களில் ஸ்பான்டெக்ஸ் கலக்கிறார்கள். 1958-இல் டூபான்ட் கம்பெனியில் ஜோசஃப் ஷைவர்ஸ் கண்டுபிடித்த இழை. ஒன்றிரண்டு சதவீதம் கலந்தாலே டெனிம் இழுபடும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை; சூடும் துவைப்பும் பட்டுப் பட்டு அது செத்துப்போன பிறகு முட்டிப் பக்கம் பை மாதிரி தொங்கும். சுற்றுவழி போகாமல் குறுக்குவழியில் வாங்கிய நெகிழ்ச்சி. இருக்கட்டும், பிடித்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

தமிழில் ‘வளைந்து கொடு’ என்கிறோம். ‘விட்டுக்கொடு’ என்கிறோம். ‘ஈடுகொடு’ என்கிறோம். மூன்றிலும் கடைசியில் கொடு வந்து நிற்கிறது. இத்தனை வருடமாக இந்தச் சொற்களில் முன்பாதியை மட்டும்தான் நான் கேட்டிருக்கிறேன். வளை, குனி, விடு, இறங்கு. முதல் இரண்டிலும் கொடு என்பது ஒட்டிக்கொண்ட துணைவினை என்று இலக்கணம் சொல்லும். அந்த நாற்பது சென்டிமீட்டர் நூலைப் பார்த்தபோது அதுதான் முதல் வினை என்று தோன்றியது. கொடுக்க வேண்டுமானால் கையில் இருக்க வேண்டும். வளைவில் முன்கூட்டியே நூல் வைத்திருந்தால்தான் இழுக்கிற நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியும். இல்லாதவரை வளைத்தால் அவர் கொடுக்க மாட்டார், அறுவார்.

அப்பாவின் நாள் டெனிம். ஏழு பத்துக்குக் குளியல், ஏழு இருபத்தைந்துக்குச் சாப்பாடு, ஏழு நாற்பதுக்கு பஸ். நிமிடத்துக்கு நிமிடம் இழை தொட்டு நிற்கும். பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் அன்றைய நாள் முழுக்கக் கிழியும். சாயங்காலம் அந்தக் கிழிசல் எங்கள் மேல் வந்து விழும். கோபக்காரர் என்று சொல்வோம். கோபமல்ல அது. நேராக நெய்துவிட்டார், இடம் இல்லை.

அம்மாவின் நாள் வெட்டியாகத் தெரியும். வாசலில் யாரோடோ பேச்சு. மதியம் ஒரு குட்டித் தூக்கம். நாலு பேர் வீட்டில் ஐந்து பேருக்கு உலை. ஸ்வெட்டர் பின்னினால் ஒரு அளவு பெரிதாகப் பின்னி, கையை இரண்டு மடிப்பு மடித்து விடுவாள். பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தால் கீழே மூன்று டக் பிடிக்கச் சொல்வாள். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு டக் பிரிப்போம். பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு வெயில் படாத நிறத்தில் தெரியும். வகுப்பில் கேலி செய்வார்கள், எனக்கு அவமானமாக இருக்கும். இப்போது யோசித்தால், அம்மாவின் வாழ்க்கை முழுக்கவே டக் பிடித்துத் தைத்த துணி. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு முழம் வரும். வந்ததையெல்லாம் நாங்கள் பலவீனம் என்று எண்ணிக்கொண்டோம்.

இதை எழுதும்போதே ஒரு எச்சரிக்கையும் கூட வருகிறது. சென்னையில் ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்கிற வாக்கியம், ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.’ ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆள் ஏறும்போது, அபார்ட்மென்ட் மீட்டிங்கில், கல்யாணமாகிப் போகிற பெண்ணிடம் மண்டபத்து வாசலிலேயே. கேட்கிறவர் யாரும், எதிரில் இருப்பவரிடம் வளைவில் இன்னும் நூல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்பதில்லை. பின்னல் துணியும் ஓரளவுக்குத்தான். கண்ணியெல்லாம் நிமிர்ந்து நேராகிவிட்ட பிறகு இன்னும் இழுத்தால் அதுவும் டெனிம்தான், அறுந்துபோகும். அறுந்தால் டெனிம் மாதிரி ஓரிடத்தோடு நிற்காது. ஒரு கண்ணி விட்டால் கீழே வரிசையாக ஏணிப்படி மாதிரி இறங்கிவிடும். எப்போதும் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் உடைந்தால் வீடு முழுக்க இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

பின்னலை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடவும் எனக்கு மனமில்லை. “அது நிக்காது” என்று பாய் சொன்னதும் நிஜம். பின்னலில் வைத்த பாக்கெட்டில் போனைப் போட்டால் முழங்காலுக்கு இறங்கும். ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டி வைத்தால் தோளில் கொம்பு முளைக்கும், உடம்பு நீளும். பட்டன் வைக்க, காஜா எடுக்க, பாரம் தாங்கத் தோளில் டெனிம் வேண்டும். எங்கள் வீடு நின்றதற்கும் அப்பாவின் நேர்க்கோடு காரணம். கடன் இல்லை, லஞ்சம் இல்லை, வாடகை ஒருநாள் தவறியதில்லை. நேர்மை என்ற சொல்லிலேயே நேர் இருக்கிறது. அவர் கோட்டை அழித்துவிட்டு இந்த ஜாக்கெட்டைத் தைக்க முடியாது, தைக்கவும் நான் விரும்பவில்லை. இரண்டு துணியையும் குறை சொல்லி வளர்ந்த எனக்குத் தையலைப் பார்க்க ஐம்பது வயதாயிற்று என்பதுதான் விஷயம். அவர்கள் இருவருக்கும் நடுவில் ஓடியது ரொம்பக் கெட்டியான, ரொம்பச் சிக்கனமான ஒரு நேர்த்தையல். பேச்சு குறைவு. கூடுதலாக ஒரு வார்த்தை, தேவையில்லாத ஒரு கேள்வி, சும்மா ஒரு சிரிப்பு, எதுவும் செலவாகவில்லை.

பாய் முழுவதையும் பிரித்தார். ஊசியில் ஒரு சங்கடம் இருந்தது. டெனிமைக் குத்தக் கூர்முனை வேண்டும். பின்னலில் கூர்முனை போனால் கண்ணியை அறுத்துவிடும், அதற்கு நுனி உருண்ட ஊசி வேண்டும். சேரும் இடத்தில் எது? உருண்டதைத்தான் போட்டார். டெனிம் நாலு மடிப்பாகத் தடிக்கும் இடங்களில் மோட்டாரை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு குத்தாக இறக்கினார். காலுக்கு வேகம் இருந்தும் கையால் சுற்றியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னல் ஓரம் சுருண்டு சுருண்டு வந்தது. அதை அடித்துத் திருத்தாமல் ஆவியில் காட்டி, அது படிந்த நேரம் பார்த்து அடியில் தள்ளினார். சேர்த்த இடமெல்லாம் ஓவர்லாக். அதன் மேல் அப்பாவின் பழைய வேட்டியில் வெட்டிய கிராஸ் பட்டியை வைத்து மூடினார். வேட்டி நேரே வெட்டினால் மொடமொடப்பு; மூலைவாட்டத்தில் வெட்டிய பட்டியோ அக்குள் வளைவைச் சுற்றி ஒரு சுருக்கம் இல்லாமல் ஓடியது.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார். எல்லா டெய்லரும் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

“உள்ள எவ்ளோ விடட்டும்?”

முன்பு கேட்டிருந்தால் கச்சிதமாக இருக்கட்டும், வேண்டாம் என்றிருப்பேன். ரெடிமேட் உடுப்புகளில் உள்ளே ஒன்றும் விடுவதில்லை. ஓரம் அடித்த இடத்தோடு துணி முடிந்துவிடும். உடம்பு கொஞ்சம் மாறினால் உடுப்பை மாற்ற வேண்டியதுதான்.

“ஒரு இஞ்ச் விடுங்க பாய்.”

“ஜீன்ஸ்ல ஒரு இஞ்ச் விட்டா தடியா நிக்கும்.”

“நிக்கட்டும்.”

மார்கழியில் டி.டி.கே. சாலையில் நாரத கான சபாவில் ஒரு கச்சேரி. வெளியே இருபத்தைந்து டிகிரி, உள்ளே ஏ.சி.யில் மாமிகள் எல்லோரும் காஞ்சிபுரத்தின் மேல் காஷ்மீரத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த ஊரில் குளிர் என்பது டிக்கெட் வாங்கி அனுபவிக்கிற விஷயம். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி அரங்கு கேன்டீனுக்கு எழுந்தது. அம்மா எழவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

என் அளவுக்குத் தைத்தது. அவள் என்னைவிடக் குள்ளம், இடுப்பு அகலம். பக்கவாட்டுப் பின்னல் விரிந்து இடம் கொடுத்தது, கை நீளமாக இருந்ததால் பட்டியை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள். முன்பக்கத்தில் இறங்கும் வெளுத்த கோட்டின் மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு, பழக்க தோஷம், ஜாக்கெட்டின் ஓரத்தைத் திருப்பி உள்பக்கத் தையலை இருட்டில் தடவிப் பார்த்தாள்.

“உள்ளே எவ்வளவு விட்டிருக்கே?”

“ஒரு இஞ்ச்.”

“ம். போதும்,” என்றாள். மிருதங்கக்காரர் மிஸ்ர நடைக்கு வந்திருந்தார். அம்மாவின் விரல் பின்னலுக்குள் இருந்தபடியே தொடையில் தாளம் போட ஆரம்பித்தது.